கடைமடைக்கு ஒரு வெர்ஷன்

நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உலகத்துக்குக் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதிலிருந்த தவறைத் திருத்தி மறுபடி கொடுக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் நான் திட்டாத ஆள் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவைக்கூட மனதுக்குள் திட்டினேன். அவர் செய்த தவறு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது.

எனக்கு அருப்புக்கோட்டையில் வாடகை வீடு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதிக் கொடுக்கிறேன். அப்பா நரிக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். மில்லில் வாட்ச்மேன் வேலை பார்த்து ஓய்ந்தபின் கண்மாய்ச் சங்கத்தில் சேர்ந்துகொண்டார். ஊர்க் கண்மாயில் தண்ணீர் குறைய ஆரம்பித்ததும் யார் வயலுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். அந்தப் பட்டியலைத் தாளில் எழுதுவதும், அதைக் கிழிப்பதும், எழுதியவரின் சட்டையைப் பிடிப்பதும் வருஷா வருஷம் நடப்பது. "இத ஒங் கம்ப்யூட்டர் சொல்லட்டுமே தாயி. அது சொன்னா எவன் சட்டையப் பிடிப்பான்?" என்று ஒரு நாள் அப்பா கேட்டார்.

முறை எப்படி என்று அவரிடமே கேட்டேன். "மேலருந்து கீழ" என்றார். மடைக்குப் பக்கத்திலுள்ள தலைமடை வயலில் தொடங்கி, கடைசியிலிருக்கும் கடைமடை வயலில் முடியும். எழுதுவதற்குச் சுலபமான நிரல். வயல்களின் பட்டியலையும் பரப்பையும் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் நாளும் நேரமும் வந்துவிடும். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு நிரல்களைப் பொதுக் கிடங்கில் பேக்கேஜாகப் போட்டு, பெயருக்குக் கீழே அதைக் காட்டிக்கொள்வார்கள். கிடங்கில் ஏற்றிவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு வரி தட்டி அதை இறக்கித் தன் வேலைக்குள் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று இருந்தது. ஆசைதான், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

முதலில் பெயர் கிடைக்கவில்லை. நான் யோசித்த பெயரையெல்லாம் எந்த நாட்டிலோ யாரோ பிடித்து வைத்திருந்தார்கள், உள்ளே ஒன்றுமே போடாமல். ஒரு வழியாகப் பெயர் வைத்து ஏற்றினால், முக்கியமான கோப்பைச் சேர்க்க மறந்திருந்தேன். மூடியும் லேபிளும் இருக்கிற காலி டப்பா கிடங்குக்குப் போய்விட்டது. ஒரு முறை ஏற்றிய வெர்ஷனை எடுத்துவிட்டு அதே எண்ணில் வேறொன்றை ஏற்ற முடியாது. அடுத்த எண் போட வேண்டும். அதில், எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் குறிப்பில் பிழை. அதற்கும் அடுத்த எண். அதிலும் ஒரு எழுத்துப் பிழை, இன்னொரு எண். ஊரில் முறை வைத்துப் பாய்ச்சத் தொடங்குவதற்குள் நான் நாலாவது வெர்ஷனில் இருந்தேன். ஏதோ பல வருடமாக வளர்ந்த நிரல் மாதிரி பார்க்க கௌரவமாக இருந்தது.

அதை முதலில் பயன்படுத்திய மனிதர் நரிக்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பாய். துபாயில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். என் பேக்கேஜை எடுத்து, சங்கத்துக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்தார். வயல்காரர் போனில் தன் பெயரைத் தொட்டால் முறை நாள் வரும். அப்பாவின் பெருமையைக் கேட்கவே வேண்டாம். டீக்கடை, ரேஷன் கடை, கல்யாண வீடு, எங்கே போனாலும் "எம் மக எழுதுனது" என்று போனை நீட்டிக்கொண்டு திரிந்தார். நானும் அதைத் தடுக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க ஊருக்குப் போனேன். திரும்பும்போது அத்தை வயல் வழியாக வந்தேன். அத்தை அப்பாவின் அக்கா. அவருடைய வயல் கடைமடை. வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். மேலே தலைமடை வயல்களில் தண்ணீர் கரண்டைக் கால் அளவு நின்றது.

"என்ன அத்தை, இப்படிக் கிடக்கு?" என்றேன்.

"என் முறை இன்னும் வரல தாயி. போன்ல எனக்குக் கடேசிலதான் போட்ருக்கு. எனக்கு வர்றதுக்குள்ள ரெண்டு தடவையும் தண்ணி இறங்கிருச்சுன்னு மடைய அடச்சுட்டாக" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு, "கல்லு தெரிஞ்சிருச்சுன்னா கீழருந்துதான மேல போகும்? இப்ப அத மாத்திட்டாகளோ என்னவோ" என்றார்.

என்ன கல் என்று கேட்டேன். மடைக்குப் பக்கத்தில் கண்மாய்க்குள் ஒரு கல் நட்டிருக்கிறது. அது தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்வரை முறை மேலிருந்து கீழே. கல்லின் தலை வெளியே தெரிந்துவிட்டால் முறை திரும்பிவிடும். கடைமடைக்குத்தான் முதல் தண்ணீர். இருக்கிற கொஞ்சம் தண்ணீரில் தலைமடைக்காரர் முதலில் எடுத்துக்கொண்டால் கீழே ஒன்றும் வராது என்பதற்காக வைத்த வழக்கம். நான் அப்பாவிடம் கேட்டபோது கண்மாய் நிறைந்து கிடந்தது. அவர் அன்றைக்கு உள்ளதைச் சொன்னார். நானும் கடைமடையில் இருக்கிற அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மடை திறப்பு சனிக்கிழமை காலை. அன்றைக்கும் தண்ணீர் வராவிட்டால் அத்தைக்கு அறுக்க ஒன்றும் இருக்காது. வரப்பில் நின்றபடியே அப்பாவுக்குப் போன் போட்டு, நிரலில் தவறு இருக்கிறது, சங்கத்தில் உடனே சொல்லுங்கள் என்றேன்.

"வாயால சொன்னா எடுபடாதுத்தா" என்றார். "அவ அத்தைக்காக மாத்திச் சொல்றாம்பானுக. போன்லயே மாறி வந்துச்சுன்னா ஒரு பய பேச மாட்டான். நீ சரி பண்ணிப் போட்ரு. இருக்குல்ல, சனிக்கெழம வரைக்கும்."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து திருத்தினேன். கல் தெரிகிறதா இல்லையா என்று ஒரு கேள்வி, தெரிந்தால் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பு. பதினோரு வரி. ஏற்று என்று கட்டளை கொடுத்தேன். ஆறு இலக்க எண்ணைக் கேட்டது.

இந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடங்கில் ஏற்ற பாஸ்வேர்டு மட்டும் போதாது. போனில் ஒரு செயலி அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டே இருக்கும் எண்ணும் வேண்டும். அந்தச் செயலி என் பழைய போனில் இருந்தது. பழைய போனைத் தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். போட்டோக்களை ஒன்று விடாமல் புதுப் போனுக்கு மாற்றிய நான் இந்தச் செயலியை மறந்தே போனேன். உதவி கேட்டு எழுதினால், உங்கள் கோரிக்கை கிடைத்தது, பரிசீலிக்கச் சில வாரங்கள் ஆகலாம் என்று பதில் வந்தது. நெல்லுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இன்னொரு வழி உண்டு. இப்படிப் போன் போய்விட்டால் பயன்படுத்திக்கொள்ள, கணக்கைத் தொடங்கும்போதே சில ரகசியக் குறியீடுகள் தருவார்கள். அச்சடித்து மிகப் பத்திரமான இடத்தில் வையுங்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் மிகப் பத்திரமான இடம் ஒன்றுதான், அப்பாவின் ஃபைல். எங்கள் குடும்பத்தின் சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், பத்திரம், என் தம்பியின் பாஸ்போர்ட் நகல், எல்லாம் அந்த நீல நிற பிளாஸ்டிக் ஃபைலில்தான் இருக்கும். ஒரு தாள் இதுவரை தொலைந்தது கிடையாது. குறியீட்டுத் தாளையும் அதில்தான் வைத்திருந்தேன். ஆகவே கவலையில்லை என்று மறுபடி அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அதுவா? அத மனுவோட சேத்துக் குடுத்துட்டேனே" என்றார்.

தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவைப் பிரித்துத் தரச் சொல்லி அப்பா திருச்சுழி தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தார். இருக்கிற ஆதாரமெல்லாம் இணைக்கச் சொன்னார்களாம். இருக்கிற எல்லாவற்றையும் இணைத்துவிட்டார்.

"அப்பா, அது என் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட தாளு!"

"எனக்கென்னத்தா தெரியும்? நம்பரும் இங்கிலீஷ் எழுத்துமா வரி வரியா இருந்துச்சு. சர்வே நம்பருன்னு நெனச்சேன்."

142/3B2A என்று ஒரு சர்வே நம்பர் இருக்கும் ஊரில் அப்படி நினைக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? என் குறியீடுகளும் பார்க்க அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும். சரி, எதை எடுத்தாலும் ரெண்டு ஜெராக்ஸ் போட்டு வைக்கும் மனிதராயிற்றே, நகல் இருக்குமே என்று கேட்டேன்.

"அதுவே வெள்ளத்தாள்ல ஜெராக்ஸு மாதிரிதான இருந்துச்சு. ஜெராக்ஸுக்கு எவனாச்சும் ஜெராக்ஸ் எடுப்பானா?"

போனை வைத்துவிட்டு ஒரு தலையணையை எடுத்துச் சுவரில் எறிந்தேன். எறிந்து முடித்ததும் அதையும் நானேதான் எடுத்து வைத்தேன்.

புதன்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுத் திருச்சுழிக்குப் பஸ் ஏறினேன். அலுவலகத்தில் ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டார். என்ன தாள் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பட்டாவுக்குச் சம்பந்தமில்லாத தாள், தெரியாமல் சேர்ந்துவிட்டது, திரும்ப வேண்டும், அதில் ரகசிய எண்கள் இருக்கின்றன. ரகசியம் என்றதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேங்க் பாஸ்வேர்டா என்றார். இல்லை, ஜாவாஸ்கிரிப்ட் என்றேன். ஃபைல் சர்வேயரிடம் இருக்கிறது, அவர் பரளச்சிப் பக்கம் அளக்கப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வியாழக்கிழமை முழுவதும் கம்பெனி வேலை பார்த்தேன் என்று பெயர். பதினோரு வரியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்வேயர் வந்தார். ஃபைலைப் பிரித்தார். அப்பா இணைத்திருந்தவற்றில் எங்கள் வீட்டு கேஸ் புத்தக நகலும் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகலும் இருந்தன. கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அவர் ஒரு நிமிடம் நின்று படித்தார். அடுத்த தாள் என்னுடையது. அதில் சிவப்பு மையில் இரண்டு குறியீடுகளைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில், "இந்தப் புல எண்கள் இக்கிராமத்தில் இல்லை. மனுதாரர் விளக்கம் தர வேண்டும்" என்று எழுதியிருந்தது.

"ரெண்டு நாளாத் தேடுனேன்மா" என்றார் சர்வேயர், உண்மையான வருத்தத்தோடு. "பக்கத்து கிராமத்து வரைபடத்துலயும் பாத்துட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். ஃபைலில் சேர்ந்த தாளை எடுத்துக் கொடுக்க முடியாது, வேண்டுமானால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டேன். என் ரகசியக் குறியீடுகள் இன்றைக்கும் எங்கள் தாத்தாவின் பட்டாவோடு பத்திரமாக இருக்கின்றன.

பஸ் ஸ்டாண்டு சிமென்ட் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன். போனிலிருந்து இன்டர்நெட். வட்டம் போடாத ஒரு குறியீட்டைத் தேர்ந்தெடுத்துத் தட்டினேன். ஏற்றுக்கொண்டது. ஐந்தாவது வெர்ஷன் கிடங்கில் ஏறிவிட்டது என்று ஒரு வரி வந்தது. பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லிவிடலாமா என்கிற அளவுக்குச் சந்தோஷம். அப்பாவுக்குப் போன் போட்டு, பக்கத்தைத் திறந்து பாருங்கள், முறை மாறியிருக்கும் என்றேன்.

"பழசுதான் காட்டுது" என்றார்.

மூடித் திறக்கச் சொன்னேன். போனை அணைத்துப் போடச் சொன்னேன். வெளியே வந்து டவர் கிடைக்கிற இடத்தில் நிற்கச் சொன்னேன். "எங்க நின்னு பாத்தாலும் தலமடதான் மொதல்ல நிக்கிது" என்றார். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. பாய்க்குப் போன் போட்டேன். நாலாவது முயற்சியில் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம். கீழக்கரையில் தங்கை மகள் நிக்காவில் இருந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே நாலாம் நம்பர் வெர்ஷன்ல பூட்டுப் போட்டு வச்சுட்டேன்மா. புதுசு வந்தாலும் அதுவா மாறாது" என்றார்.

"நான் எப்ப பாய் சொன்னேன்?"

"ஒங்க குறிப்புலயே இருக்கேம்மா. வெர்ஷன் எண்ணப் பூட்டி வைங்க, நல்லா ஓடுறத மாத்தாதீங்கன்னு. நல்ல புத்தியாத் தெரிஞ்சுச்சு. கம்ப்யூட்டரு கடையில பூட்டிக் கெடக்கு. ஞாயித்துக்கெழம வந்ததும் மொத வேலையா மாத்திர்றேன்."

இருந்தது. நான்தான் எழுதியிருந்தேன். மற்ற பேக்கேஜ்களின் குறிப்பில் அப்படி இருந்ததைப் பார்த்து, நம்முடையதிலும் இருந்தால் பெரிய மனுஷத்தனமாக இருக்குமே என்று சேர்த்த வரி. அதை ஒரே ஒரு ஆள் படித்திருக்கிறார். அவரும் அதன்படியே நடந்திருக்கிறார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். கண்மாய்க் கரையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அப்பா என்னைப் பார்த்ததும் மற்றவர்களைப் பார்த்தார். மடை திறப்பவர் மண்வெட்டியோடு தயாராக நின்றார். நட்ட கல் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. சண்டை வரும், அத்தைக்காகப் பேசுகிறாள் என்பார்கள், வரட்டும் என்றுதான் போயிருந்தேன்.

"போன்ல இருக்குற முறை தப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன். கல்லு தெரிஞ்சா கீழருந்து மேலன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

தலைமடை வயல்காரர் ஒருவர் கையில் போனோடு முன்னால் வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. "அது எங்களுக்குந் தெரியும்லத்தா. சின்னப் பிள்ளைல இருந்து பாக்குறதுதான" என்றார். "போன்ல இப்படி வந்துச்சு. வந்தத எடுத்துக்கிட்டோம். நீயே தப்புங்குற, அப்பறம் என்ன? கீழ விடச் சொல்லு."

"நானும் மொத நாளே சொன்னேன்" என்றார் மடை திறப்பவர். "போனக் காட்டுனாக. சரி, சட்டத்த மாத்திட்டாக போலன்னு பேசாம இருந்துட்டேன்."

அவ்வளவுதான். சண்டையே இல்லை. மேலே உள்ள வயல்களுக்குத் தண்ணீர் புகும் வாய்களை அடைக்கச் சொல்லிவிட்டு அவர் மடையைத் திறந்தார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் நிரலைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்காக நான் சர்வேயரைப் பக்கத்து கிராம வரைபடம் வரைக்கும் தேட வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வரப்பிலிருந்து நேராகக் கரைக்கு நடந்து வந்து சத்தமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அப்பாவிடம் அதைச் சொன்னேன். "நீ தப்பா எழுதிட்டேன்னு நான் எப்படித்தா ஊருல போயிச் சொல்லுவேன்?" என்றார். அத்தைக்காக என்று ஊர் பேசும் என்றதெல்லாம் இதை மறைக்கச் சொன்னது. நாலு பேர் முன்னால் அவரிடம் என்ன கத்துவது? வாய்க்காலோடு கீழே நடந்தேன்.

தண்ணீர் கடைமடைக்கு வர நேரமானது. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் வாயில் நின்றிருந்தார். முதல் தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பாதி வயலில் பயிர் பச்சையாக இருந்தது. மறு பாதியில் கதிர் வெளுத்து நிமிர்ந்து நின்றது. ஒன்றை உருவிப் பிசைந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, பதர்.

"ரெண்டு தண்ணி தவறிருச்சுல்ல, அதான்" என்றார் அத்தை, எனக்குச் சமாதானம் சொல்வது போல.

நான்கு நாளாக இருந்த கோபமெல்லாம் அப்போது வெளியே வந்தது. அதுவும் அவர் மேலேயே வந்தது. "தப்புன்னு தெரியும்ல ஒங்களுக்கு? மொத தடவ விட்டுப்போனப்பயே எனக்கு ஒரு போன் போட்ருந்தா என்ன? ஏன் வாயத் தொறக்காம இருந்தீங்க?" என்று கத்தினேன். கத்திய கையோடு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை மண்வெட்டியால் ஒரு கொத்து மண் எடுத்து வரப்பு ஓட்டையில் வைத்து மிதித்தார்.

"ஒங்கப்பன் ஊரெல்லாம் எம் மக எழுதுனதுன்னு காட்டிக்கிட்டுத் திரிஞ்சான். நான் போயி அதுல தப்பு இருக்குன்னா நாலு பேரு ஒன்ன என்ன பேசுவாக?" என்றார். "இந்த ஒரு வெள்ளாமதான, போயிட்டுப் போகுதுன்னு இருந்தேன்."